தேர்ஸ்டே பின்ஸும் ஒரு கல்வெட்டும்

உ
சட்டன்
11.02.2024

அன்பின் தம்பி செல்வரத்தினத்துக்கு,

நானும் அத்தானும் பிள்ளையும் இங்கே சுகம். நீயும் மச்சாளும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்காலுக்கு அனுப்பிய தைலம் முடிந்திருக்கும். இன்னும் இரண்டு போத்தல் வைத்திருக்கிறேன். கணேசலிங்கம் அண்ணை தாயாரைப் பார்க்க ஊருக்கு வருகிறார். பையையும் கடிதத்தையும் அவரிடமே கொடுத்துவிடுகிறேன். போனில் மழையையும் மரக்கறி விலையையும் கதைப்போம், மற்றதெல்லாம் ஆள் கையோடு வரட்டும் என்று நீ வைத்த ஒழுங்கைப் பன்னிரண்டு வருடமாக நான் மீறவில்லை.

அப்பாவின் நினைவுக்கு நீ அடித்த கல்வெட்டுப் புத்தகம் மூன்று பிரதியும் கிடைத்தன. முப்பத்தோராம் நாளுக்கு வரமுடியாத கவலையில் அட்டைப் படத்தைப் பார்த்துப் பார்த்து அழுதேன். தேவாரம், வாழ்க்கை வரலாறு எல்லாம் சரி. வம்சப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். செத்தவர்கள் எல்லாருக்கும் முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருக்கிறது. உன் மகன் ஆரணனுக்கு மட்டும் இல்லை.

செல்வம், அவன் செத்துவிட்டான் என்று மரணச் சான்றிதழ் எடுத்தவன் நீதானே? பதினேழு வயதில், சண்டை முடிவில் ஆமியிடம் சரணடைந்து, பெயரில்லாத ஒரு முகாமில் கிடந்து, அங்கே நடந்ததை எல்லாம் கண்ணால் கண்டுவிட்டுத் தப்பியவன். அங்கிருந்து உயிரோடு வெளியே வந்தவன் அவன் ஒருவன்தான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவன் வேறு பெயரில் கிழக்கே லொறி ஓட்டிக்கொண்டு இருப்பது உனக்கும் மச்சாளுக்கும், இங்கே எனக்கும் அத்தானுக்கும் மட்டும்தான் தெரியும். அப்படியிருக்க, ஒரு சொல்லை அச்சடிக்க உனக்கு என்ன வந்தது?

பிள்ளை என்ன செய்கிறாள் என்று புதினம் கேட்டிருந்தாய். தக்ஷிகா படித்த படிப்பைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு ட்ரம்ஸ் அடிக்கிறாள். பங்க் ரொக் என்கிறார்கள். பாட்டுக் கேட்கலாம் என்று போய் உட்கார்ந்தால் கார் மோதிய சத்தம்தான் கேட்கும். மூன்று பேர். பாடுகிறவள் பியற்றிஸ், குரோய்டன் பிள்ளை, தாய் நேர்ஸ். கித்தார்க்காரன் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட வருகிறவன். குழுவுக்கு 'தேர்ஸ்டே பின்ஸ்' என்று பெயர். எங்கள் வீதியில் வியாழக்கிழமைதான் கவுன்சில் குப்பை எடுக்கும். 'வேறை பேர் கிடைக்கேல்லையோ?' என்று கேட்டேன். 'ஒருத்தரும் பார்க்க விரும்பாததை வாசலிலை கொண்டுவந்து வைக்கிறதுதானே அம்மா எங்கடை வேலை' என்கிறாள். அரசாங்கத்தைத் திட்டாத பாட்டு ஒன்றுகூட இல்லை.

அவளுக்கு ஆரணன் இன்றும் செத்துப்போன மச்சான்தான். மேடையில் வாயை அடக்கத் தெரியாத பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? நீ என்ன சொல்கிறாய்?

அன்புடன் அக்கா
கமலாம்பிகை

உ
கோண்டாவில்
20.03.2024

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் தைலமும் வந்தன. முழங்கால் வெயிலுக்குச் சும்மா இருக்கிறது, மழைக்குக் கத்துகிறது. அத்தானின் இருதய வருத்தம் எப்படி? ஹவுன்ஸ்லோவுக்கு அப்பால் விமான நிலையம் வரை போய் ஷிப்ட் செய்கிற வயதா அவருக்கு? குறைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் ஏசியது சரி. அச்சகக்காரர் 'ஆரணனுக்கு முன்னாலை காலஞ்சென்ற போடுறதுதானே ஐயா?' என்று கேட்டார். என்னைத் தெரியும்தானே உங்களுக்கு. துண்டுக் கடதாசியில் போன் இலக்கம் எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டு எழுதுகிறவன். பள்ளிக்கூடக் கந்தோரில் முப்பது வருடமாக என் பட்டமே 'உனாக் கிளாக்கர்'. சாவுச் செய்திக்கு மட்டும்தான் அதை விட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன் உயிரோடிருக்கிற மகனுக்கு முன்னால் அந்தச் சொல்லை எப்படி எழுதுவேன்? சான்றிதழ் அரசாங்கத்தின் கடதாசி. கல்வெட்டு நம்முடையது.

நீங்கள் கடைசி வரியைக் கவனிக்கவில்லை போல. கவனித்திருந்தால் இன்னும் ஏசியிருப்பீர்கள். 'பூட்டப்பிள்ளை: தர்மிகா' என்று ஒரு வரி இருக்கும். பேரனின் பிள்ளை, ஆரணனின் மகள். போன ஆவணியில் நல்லூர்த் திருவிழாச் சனத்தோடு சனமாக அவனும் மனைவி தாரிணியும் குழந்தையைக் கொண்டுவந்து காட்டிப் போனார்கள். அப்பா மடியில் வைத்திருந்தார். பிறகு சாகிற கிழமை என் கையைப் பிடித்து, 'என்ரை கல்வெட்டிலை அவளின்ரை பேரும் வரவேணும், தம்பி' என்றார். நான் என்ன செய்ய? இருநூறு பிரதிதான் அடித்தது. சனம் முப்பத்தோராம் நாள் அந்திரட்டிச் சாப்பாட்டோடு வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரிக்குள் போடும். யார் அக்கா கல்வெட்டை எழுத்தெழுத்தாய் வாசிக்கப் போகிறார்கள்?

தக்ஷிகாவுக்கு ஒன்றும் சொல்லவேண்டாம். அறியாமல் இருப்பது அவளுக்கும் நல்லது. மருமகளின் குப்பைத்தொட்டிக் கச்சேரிக்கு மாமாவின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு
தம்பி செல்வரத்தினம்

உ
சட்டன்
30.06.2024

அன்பின் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். அத்தானின் மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். மச்சாளின் கண் சத்திரசிகிச்சை முடிந்ததா? கணேசலிங்கம் அண்ணை திரும்பவும் வருகிறார். தாயார் இழுத்துக்கொண்டிருக்கிறாராம். அந்த மனுசி படுக்கையில் கிடந்தே நமக்குத் தபால் சேவை நடத்துகிறார்.

கடைசி வரியைப் பார்த்தேன். அப்பாவின் ஆசை என்றதால் ஏச மனம் வரவில்லை. ஆனால் பயம் வந்தது.

பிள்ளையின் குழு பெரிதாகிக்கொண்டு போகிறது. குரோய்டனில் விசாக்காரர் எல்லாம் காத்துக்கிடந்த அந்தப் பெரிய கந்தோர்க் கட்டிடத்துக்கு முன்னால் ஒரு லொறியில் ஏறி நின்று பாடினார்கள். 'நாலாம் கவுண்டர்' என்று ஒரு பாட்டு. அத்தானும் நானும் அவளை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு நின்ற வரிசையைப் பற்றியது. 'நாலாம் கவுண்டரில் யாருமில்லை' என்று பியற்றிஸ் ஐம்பது தரம் கத்துகிறாள். பொலிஸ் வந்து நிறுத்தியது. வீடியோ ஊரெல்லாம் பரவ, வானொலி அந்தப் பாட்டைப் போட மறுக்க, அதனாலேயே இன்னும் பரவியது. இப்போது எண்ணூறு பேர் கொள்ளும் மண்டபத்தில் டிக்கெட் இல்லை. நானும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போய்ப் பின்வரிசையில் நின்றேன். பஞ்சுக்கு மேலாலும் நெஞ்சு அதிர்ந்தது. இத்தனை சனம் என் பிள்ளையின் கைக்குத் துள்ளுகிறதே என்று பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை.

நம்மவர் ஒருவரும் வந்திருந்தார். மழைக்கோட்டு, அமைதியான முகம், துள்ளவில்லை. போனில் படமெடுத்துக்கொண்டு நின்றார். 'ட்ரம்ஸ் அடிக்கிற பிள்ளை உங்கடையோ? ஊரிலை எவடம்?' என்று கேட்டார். நம் சனத்துக்கு இதைக் கேட்காமல் இருக்க முடியுமா? கோண்டாவில், தமையன் தம்பி யார், எல்லாம் சொன்னேன். மிகக் கவனமாகக் கேட்டார்.

போன கிழமை தக்ஷிகா என்னிடம், 'மாமா ஏன் ஆரணன் மச்சானைப் பற்றிக் கதைக்கிறேல்லை?' என்றாள். வழக்கமான பொய்யைச் சொன்னேன். பிள்ளை விம்மி விம்மி அழுதாள். பிறகு கல்வெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். எழுத்துக்கூட்டியாவது தமிழ் வாசிக்கிறாளே என்று விட்டுவிட்டேன்.

அன்புடன் அக்கா

உ
கோண்டாவில்
25.08.2024

அன்பின் அக்காவுக்கு,

நாங்கள் சுகம். மச்சாளின் கண் தெளிந்துவிட்டது, இப்போது என் மேசைத் தூசியெல்லாம் அவளுக்குத் தெரிகிறது. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் நல்லூரில் அர்ச்சனை செய்தேன்.

இது தபாலில் வருகிறது, அதனால் கனக்க எழுதவில்லை. பிள்ளை வாசிக்க எடுத்த அப்பாவின் புத்தகத்தைத் திரும்ப வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். இன்றைக்கே செய்யுங்கள். ஊர் கேட்கிறவர்களிடம் இனி ஊர் சொல்லவேண்டாம்.

தம்பி செல்வம்

உ
சட்டன்
06.10.2024

அன்பின் தம்பிக்கு,

சுகமா என்று பிறகு கேட்கிறேன். உன் ஓகஸ்ட் கடிதம் ஐந்து கிழமை கழித்து வந்தது. அதற்கு மூன்று நாள் முந்தியே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

அவர்களுடைய பெரிய இசைத்தட்டு வெளிவந்திருக்கிறது. தக்ஷிகா அதை ஒளித்துக் கொண்டுவந்து, 'கண்ணை மூடுங்கோ அம்மா' என்று என் கையில் வைத்தாள். கண்ணைத் திறந்தால் அட்டை முழுக்க அப்பாவின் வம்சப் பக்கம். எழுத்தெல்லாம் விரல் பருமனுக்குப் பெருத்து, ஆரணனின் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கடைசியில் தர்மிகாவின் பெயரும் தெளிவாக இருக்கிறது. பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் அவன் பெயர், வயது, ஊர், உன் பெயர், சரணடைந்த நாள். பாட்டின் பெயர் 'பதினேழு'. 'அரசாங்கங்கள் மறந்தாலும் நான் மறக்க மாட்டன் அம்மா' என்று சொல்லிக் கட்டிப்பிடித்தாள். நான் ஐயோ என்று கத்தினேன். அவள் அதை அழுகை என்று நினைத்துவிட்டாள்.

செத்த மச்சானுக்கு மரியாதை செய்கிறேன் என்றுதான் பிள்ளை நினைத்தாள். அவள் மேல் ஒரு பிழையும் இல்லை. பிழை நம் இரண்டு பேரின் வாயில் இருக்கிறது. கம்பனியிடம் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன், கடைகளுக்கு ஒன்பதாயிரம் போய்விட்டதாம். இந்தக் கிழமை விற்பனைப் பட்டியலில் முதல் இருபதுக்குள் வந்திருக்கிறது. பத்திரிகைகளில் அந்த அட்டைப் படம்தான்.

அவளிடம் சொல்லட்டுமா? உன் மகனை அங்கிருந்து எடுக்க முடியுமா? கணேசலிங்கம் அண்ணையின் தாயார் மோசமாம், அவர் நாளைக்கே பறக்கிறார். அவர் திரும்பும்போது ஒரு வரியாவது எழுதிக் கொடுத்துவிடு.

அக்கா

உ
கோண்டாவில்
12.12.2024

அன்பின் அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். கணேசலிங்கம் அண்ணையின் தாயார் போய்ச் சேர்ந்துவிட்டார். செத்தவீட்டு வேலைகளோடு வேலையாக அண்ணை இரண்டு மாதமாக ஊரில் நிற்கிறார். இதைத் தன் கால் சப்பாத்துக்குள் வைத்துக் கொண்டுவருகிறார், அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

போன மாதம் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையானவர்கள். மச்சாள் தேத்தண்ணீர் கொடுத்தாள். ஒருவர் நன்றாகத் தமிழ் வாசிக்கிறார். அட்டையின் படத்தைப் போனில் பெருப்பித்து வைத்திருந்தார். 'எல்லாருக்கும் காலஞ்சென்ற இருக்கு ஐயா, மகனுக்கு மட்டும் இல்லை' என்றார். பெற்ற மனம் கேட்கவில்லை என்றேன். 'அது விளங்குது. எனக்கும் பிள்ளையள் இருக்கு' என்று தலையாட்டினார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு கேட்டார்: 'உங்களுக்கு ஒரு மகன், அவர் இப்ப இல்லை. அக்காவுக்கு ஒரு மகள், கலியாணம் கட்டேல்லை. அப்ப இந்தப் பூட்டப்பிள்ளை ஆரின்ரை?'

அக்கா, என்னை மன்னியுங்கள். எனக்கு வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. 'அது அக்காவின்ரை மகளின்ரை பிள்ளை. கலியாணம் இல்லாமல் பெத்தது, வெளியிலை சொல்றேல்லை' என்று சொல்லிவிட்டேன். குமர்ப்பிள்ளையின் பெயரைக் கெடுத்தேன். அவர் சிரித்து, 'லண்டன் தானே' என்றார். 'அக்காவைக் கண்டு கதைச்ச ஆளொருத்தர் எங்களுக்குத் தெரியும். பிள்ளையைப் பற்றி அவ ஒண்டும் சொல்லேல்லையாம்' என்றார். போகும்போது, 'திரும்பி வாறம் ஐயா, வடிவாய் யோசிச்சு வையுங்கோ' என்றார்.

இனி யார் கேட்டாலும் தக்ஷிகாவுக்கு ஒரு வயதில் ஒரு மகள் உண்டு. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், இனி மறைக்கக்கூடாது. மகனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். கடல் தாண்டவேண்டும். தை முடிய ஒழுங்கு சரிவரும். அதுவரைக்கும் அந்தப் பொய் நிற்கவேண்டும்.

தம்பி

கோண்டாவில்
09.01.2025

அன்புள்ள சகோதரிக்கு,

நான் நலம். தாங்களும் குடும்பத்தினரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

தங்கள் மகள் தக்ஷிகாவின் குழந்தை தர்மிகாவைப் பார்க்க ஆவலாக உள்ளேன். தாயும் குழந்தையும் சேர்ந்து நிற்கும் புகைப்படம் ஒன்றை அனுப்பவும். குழந்தை பிறந்த திகதியையும் எழுதவும். மகன் ஆரணன் பற்றி தங்களுக்கோ தங்கள் மகளுக்கோ ஏதாவது தெரிந்திருந்தால் அதையும் எழுதவும். தபாலிலேயே அனுப்பவும். ஆட்களிடம் கொடுத்து அனுப்பவேண்டாம்.

இப்படிக்கு
செல்வரத்தினம்

உ
வீடு
26.01.2025

அன்புள்ள பிள்ளை தக்ஷிகாவுக்கு,

வட பக்கத்துக் கச்சேரிகள் முடிந்து நாளைக்கு வருகிறாய். சாப்பிட்டாயா, குளிரில் இருமல் விட்டதா என்று கேட்டுவிட்டு இதைச் சொல்ல என்னால் ஏலாது. அதனால் எழுதி உன் மேசையில் வைக்கிறேன். மாமாவின் கடிதங்களையும் கூட வைத்திருக்கிறேன். திகதிப்படி வாசி.

உன் ஆரணன் மச்சான் உயிரோடு இருக்கிறான். நீ பாடுகிற அந்தப் பதினேழு வயதுப் பிள்ளைக்கு இப்போது முப்பத்திரண்டு. தர்மிகா அவன் மகள். உன்னிடம் சொல்லாமல் விட்டது நாங்கள். சொல்லியிருந்தால் அந்த அட்டையை நீ கனவிலும் அச்சடித்திருக்க மாட்டாய். டிசம்பரில் சொல்லச் சொல்லி மாமா எழுதினார். நீ போனில் சிரிக்கும்போதெல்லாம் நாளைக்குச் சொல்வோம் என்று விட்டேன்.

கடைசிக் கடிதத்தைப் பார். எழுத்து மாமாவின் எழுத்து. ஆனால் மேலே உ இல்லை. துண்டுக் கடதாசிக்கும் உ போடுகிற மனிதன். என்னை ஒருநாளும் சகோதரி என்று கூப்பிட்டதில்லை. பக்கத்தில் ஆள் இருந்து சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறான். உ போடாமல் விட்டதுதான் அவன் எனக்குச் சொன்ன செய்தி. போன் எடுத்தால் உன் மாமி, 'அவர் வெளியிலை போயிட்டார்' என்கிறா. பதினேழு நாளாக வெளியிலேயே இருக்கிறார்.

ஆரணன் கடல் தாண்டும் வரைக்கும் பொய் நிற்கவேண்டும். கணேசலிங்கம் அண்ணையின் பேத்திக்கும் ஒரு வயது. அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு நீ ஒரு படம் எடுக்கவேண்டும். ஊர் உன்னைப் பற்றி என்ன கதைக்கும் என்று எனக்குத் தெரியும். கதைக்கட்டும்.

என்னை மன்னிக்கவேண்டாம். படத்தை மட்டும் எடு.

அம்மா

27.01.2025

அம்மாவுக்கு,

நான் சுகம் இல்லை. இதைத் தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் இங்கிலீஷில் எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கெட்ட வார்த்தை படிப்பிக்கவில்லை.

நான் உயிரோடு இருக்கிற ஒருவருக்கு ஒவ்வொரு நாளும் இரண்டாயிரம் பேருக்கு முன்னால் செத்தவீடு கொண்டாடியிருக்கிறேன். 'பதினேழு' பாட்டுக்குச் சனம் அழுகிறது அம்மா. அழுகிற சனத்தைப் பார்த்து நானும் அழுதுகொண்டு அடித்தேன். பியற்றிஸிடம் எதையும் மறைக்காதவள் நான். என்னிடம் வீடே மறைத்திருக்கிறது.

நான் நினைப்பதைச் சொல்கிறேன். இதை இன்றைக்கே வெளியில் சொல்லவேண்டும். மாமாவின் பெயர், வந்த ஆட்கள், கடிதம், எல்லாம். ரேடியோவில், மேடையில், எம்பியிடம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களால் ஒன்றும் செய்ய ஏலாது. சத்தம்தான் பாதுகாப்பு. நீங்கள் எல்லாரும் பதினைந்து வருடமாக மெதுவாகக் கதைத்து என்ன கிடைத்தது?

ஆனால் பிழை விட்டது என் அட்டை. அதனால் ஒருமுறை உங்கள் சொல்லைக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை படம் எடுப்போம். சரிவராவிட்டால் பிறகு என் முறை.

உங்கள் இருமல் மருந்து குளியலறையில் இருக்கிறது. குடியுங்கள்.

தக்ஷிகா

சட்டன்
10.02.2025

அன்புள்ள செல்வரத்தினத்துக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீயும் மச்சாளும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

கேட்டபடி படம் வைத்திருக்கிறேன். தக்ஷிகா கையில் இருப்பது தர்மிகா. பிறந்தது 2023 சித்திரையில். கலியாணம் செய்யாமல் நடந்துவிட்டதால் ஊருக்குச் சொல்லவில்லை. வயது போன காலத்தில் அப்பா ஆசைப்பட்டதால்தான் பெயரை மட்டும் போடச் சொன்னேன்.

ஆரணனைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அவன் செத்துப் பதினைந்து வருடமாகிவிட்டது, தம்பி. அதை நீ இன்னும் ஏற்றுக்கொள்ளாதது எனக்குக் கவலை. இங்கே கோயிலில் அவனுக்குத் திவசம் கொடுத்தோம். தக்ஷிகாவின் இசைத்தட்டு இரண்டாம் முறை அச்சாகிறது. காலஞ்சென்ற ஆரணன் என்று திருத்தச் சொல்லியிருக்கிறோம். அதன் பிறகாவது உன் மனம் ஆறட்டும்.

உன் கடிதத்தை ஒன்றுக்கு இரண்டு தரம் வாசித்தேன். எல்லாம் விளங்கியது.

அன்புடன்
கமலாம்பிகை

உ
03.04.2025

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் படமும் கிடைத்தன. எனக்குக் காட்டினார்கள். படத்தில் தக்ஷிகா மெலிந்திருக்கிறாள். சாப்பிடச் சொல்லுங்கள்.

என் போன கடிதத்தில் பிள்ளையார் சுழி போட மறந்துவிட்டேனாம். உங்கள் பதிலிலும் இல்லையாம். வீட்டிலிருந்து எடுத்துவந்த உங்கள் பழைய கடிதங்களோடு வைத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார். நன்றாகத் தமிழ் வாசிக்கிறவர் என்று முன்பே எழுதியிருந்தேன்தானே. இனி மறக்க வேண்டாம் என்று சொன்னார். அதனால் இம்முறை முதலில் அதைப் போட்டுவிட்டே எழுதுகிறேன்.

படத்தில் இருப்பது வேறு பிள்ளை என்றும் சொன்னார். அவருக்குக் குழந்தைகள் என்றால் நல்ல விருப்பம். இப்போது தர்மிகா நன்றாக நடக்கிறாள். பிஸ்கட் கொடுத்தால் யாரிடமும் போகிறாள்.

தை முடிய என்று நான் எழுதியிருந்த ஒழுங்கு சரிவரவில்லை.

எல்லோருடைய சுகத்தையும் தவறாமல் எழுதச் சொன்னார்கள். நான் சுகம். மச்சாள் சுகம். தாரிணியும் குழந்தையும் சுகம். ஆரணனும் சுகம்.

இப்படிக்கு
தம்பி செல்வரத்தினம்

வீடு
21.04.2025

பிள்ளை,

இம்முறை மேலே உ போடவில்லை. போடக் கை வரவில்லை.

மாமாவின் கடிதம் இதோடு இருக்கிறது. இன்றைக்குத்தான் தபாலில் வந்தது. நீ கண்விழிக்கும்போது பார்ப்பாய் என்று தலைமாட்டில் வைக்கிறேன். அத்தனை கடிதங்களையும் பெட்டியோடு பியற்றிஸிடம் கொடு. பத்திரிகைக்காரரிடம் கொடு. ஊர், பெயர், மோட்டார் சைக்கிள், மழைக்கோட்டுக்காரர், நான் வாயைத் திறந்து ஊர் சொன்னது, ஒன்றையும் விடாதே. என் பெயரையும் முழுதாய்ப் போடு.

நீ சொன்னபோதே செய்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆரணனும் குழந்தையும் தப்பியிருப்பார்களோ, இன்னும் முந்திப் பிடிபட்டிருப்பார்களோ, ஒன்றும் தெரியாது. இப்போது எல்லாரும் அந்த ஆட்களின் கையில். அவர்களை ஒளிக்க இனி இடமில்லை. காட்டத்தான் முடியும்.

சனிக்கிழமை அந்த மூவாயிரம் பேர் மண்டபத்தில்தானே கச்சேரி? 'பதினேழு' பாட்டுக்கு முன்னால் மேடையில் நான் ஏறி இந்தக் கடிதத்தைத் தமிழில் வாசிக்கிறேன், பியற்றிஸ் இங்கிலீஷில் சொல்லட்டும். பஞ்சு கொண்டுவர மாட்டேன். பிறகு நீ அடி.

அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன், அவரும் ஷிப்டை மாற்றிக்கொண்டு வருகிறார். எத்தனை மணிக்கு வந்து நிற்கவேண்டும் என்று மட்டும் எழுதி வை.

அம்மா